வீட்டுக்கொரு எருக்குழி

1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்ட நாள் முதலாகக் கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்திற்கு ஓய்வு குறைவு. நெல், வாழை, தென்னை, திராட்சை என விளைந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு விளைச்சலும் மண்ணின் சத்தில் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கின்றோமா? அடுப்படிக் கழிவையும் முற்றத்துச் சருகையும் தெருமுனையில் கொளுத்துகிறோம். அல்லது வாய்க்காலில் தள்ளுகிறோம். அவ்வாய்க்காலே அடுத்த ஊருக்கும் நீர் கொண்டு செல்கிறது என்பதை எண்ணுவதில்லை.

குப்பையை முறைப்படி எருவாக்கும் வழியை ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற அறிஞர், உழவர்களின் பழக்கங்களையும் ஆராய்ந்து, இந்தூரில் 1924 முதல் 1931 வரை உருவாக்கினார். அம்முறையை நம் வீட்டுக்கு ஏற்பச் சிறிதாக்கிக் கொள்ளலாம்.

நீர் தேங்காத மேட்டில், மர நிழலில், 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி ஒன்று எடுக்கவும். அடியில் சுள்ளிகளைப் பரப்புக. அதன்மேல் சருகு அரை அடி, காய்கறிக் கழிவு இரண்டு அங்குலம், சாணக் கரைசல் தெளிப்பு, ஒரு பிடி மண் தூவல் என அடுக்கடுக்காக இட்டு வருக. கையால் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவுக்கு ஈரம் போதும். நிரம்பிய 15-ஆம் நாள், 30-ஆம் நாள், 60-ஆம் நாள் ஆகிய மும்முறை கிளறி விடுக. மழைக்காலத்தில் கிடுகு வேய்ந்து மூடுக. மூன்று, நான்கு மாதங்களில் எரு கறுத்து, பொலபொலவென்று மண் வாசனை வீசும்.

நான் முதன்முதலில் வெட்டிய குழி நாறியது; அண்டை வீட்டார் முகம் சுளித்தனர். சோறும் குழம்பும் மட்டுமே கொட்டி, சருகு சேர்க்காததே பிழை. காற்றுப் புகாத ஈரக் குவியல் அழுகுமேயன்றி மக்காது. சருகு கலந்து கிளறியபின் நாற்றம் அகன்றது. குவியலின் நடுவில் எழும் சூடு களை விதைகளையும் ஈப்புழுக்களையும் அழிக்கும்.

வாடல் நோய் கண்ட வாழையைக் குழியில் இடலாகாது. அந்நோய்ப் பூஞ்சை மண்ணில் நெடுநாள் தங்குவது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அறவே கூடாது.

கணக்கையும் மறைக்காமல் கூறுவோம். 100 கிலோ மக்கிய எருவில் தழைச்சத்து அரை கிலோ முதல் ஒரு கிலோ வரையே இருக்கும். 45 கிலோ யூரியா மூட்டையிலோ ஏறத்தாழ 20 கிலோ உண்டு. எனவே வீட்டு எரு மட்டும் ஏக்கர் நெல்லுக்குப் போதாது. ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைப்பது யூரியாவால் இயலாத காரியம். அவ்வெருவை நாற்றங்காலுக்கும், கொல்லைக் காய்கறிக்கும், தென்னங்கன்றுக்கும் முதலில் இடுக.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொல்லையில்லாத வீடுகளுக்குப் பொது எருக்குழி அமைத்துத் தருக, மக்கும் குப்பையைத் தனியே பெறுக. எல்லாவற்றிற்கும் முன்பாக, தங்கள் வீட்டுக் கொல்லையில் முதற்குழியை வெட்டுக. உபதேசத்தைவிடக் கண்கண்ட எருவையே உழவர் நம்புவர்.