“எங்களுக்குப் பிறகு யார்?”: ஆசிரியர் அறிய வேண்டிய சட்டச் செய்திகள்

வானூர் வட்டத்து இடையஞ்சாவடி முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையுள்ள ஊர்களில் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இராது. இத்தகைய வீட்டில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை இருந்தால், “எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்ற கேள்வி பெற்றோரை வாட்டும். அதை அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் வகுப்பாசிரியரிடம்தான்.

1. சான்று எதற்கு?
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி உரிமை உண்டு. உதவிகள் பெறுவதற்கு மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் அடிப்படை. தமிழக அரசு, அறிவுசார் குறைபாடுடையோர், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முதலிய பிரிவினருக்கு வழங்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வட்டார வள மையத்தின் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நாளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒரு நாள் கூலியை இழந்து வருபவர்கள் அலையாதிருக்க, தேவையான ஆவணங்களையும் சொல்லிவிடுங்கள்.

2. பதினெட்டு வயதுக்குப் பின்?
18 வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்குத் தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி சட்டப் பாதுகாவலரை நியமிக்கலாம். இதற்கான விண்ணப்பத்தை மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு பரிசீலிக்கும். பத்தாம் வகுப்பிலேயே இதைப் பெற்றோருக்கு நினைவூட்டுவது நல்லது.

3. உயில் எழுத எழுத்தறிவு வேண்டுமா?
வேண்டாம். தெளிந்த மனநிலையில் கைநாட்டு வைத்தாலும் செல்லும். சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை, ஆனால் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: தமக்கு உரிமையில்லாத புறம்போக்கு மனையை உயில் எழுதித் தர முடியாது. முதலில் பட்டா கேட்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு (8, 9ஆம் வகுப்பு)
ஒரே ஒரு சாட்சி கையொப்பமிட்ட, பட்டா இல்லாத மனையைக் குறிப்பிடும் கற்பனை உயில் ஒன்றைத் தயாரித்துக் குழுக்களுக்குக் கொடுங்கள். குறைகளைக் கண்டறிந்து திருத்தி எழுதச் சொல்லுங்கள். வகுப்பிலுள்ள எந்த மாணவரின் வீட்டு நிலையையும் எடுத்துக்காட்டாக்க வேண்டாம்.

சட்ட ஆலோசனை வழங்குவது ஆசிரியர் பணியன்று. சரியான வாசலைக் காட்டுவது நம்மால் இயலும். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு, வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற உதவி எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.