முதல் ஃபிரிட்ஜ் வாங்கிய பிள்ளைகளுக்கு

தருமபுரியில் பங்குனி பிறந்ததுமே வெயில் சுடத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜுக்கும் வேலை கூடிவிடும். ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே விடுவதுதான் ஃபிரிட்ஜின் வேலை. அது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

1. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் நாலு விரற்கடை இடம் இருந்தால்தான் சூடு வெளியேறும். அடுப்புப் பக்கமும் மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். பின்புறம் கம்பிச்சுருள் இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசி தட்டுங்கள்.

2. ஃப்ரீசரில் அரை சென்டிமீட்டர் ஐஸ் படிந்தாலே கரைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஏறினால், கம்பளி போர்த்தியதுபோல் சூட்டை இழுக்கவிடாமல் தடுக்கும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கரண்ட் பில்லும் ஏறும்.

3. சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுவே ஒரு பட்டன் இருக்கும். ஃப்ரீசரைக் காலி செய்து, ராத்திரி அதை அழுத்திவிட்டுப் படுங்கள். ஐஸ் கரைந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். தட்டில் சேர்ந்த தண்ணீரை உடனே கொட்டிக் கழுவுங்கள்; தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும்.

4. கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ கொண்டு ஐஸைக் குத்தவே குத்தாதீர்கள். பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. அதற்குள்தான் கேஸ் ஓடுகிறது. இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அடுப்பு பற்றவைக்கவோ சுவிட்சைத் தொடவோ வேண்டாம். அவசரமாகக் கரைக்க வேண்டுமென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீர்க் கிண்ணம் ஒன்றை உள்ளே வையுங்கள், போதும்.

5. ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளிச்சூடு உள்ளே ஏறும். ரப்பர் மடிப்பைச் சோப்புத்தண்ணீரால் துடைத்துப் பார்த்து, அப்படியும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

6. கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிடுங்கள்; கதவைத் திறக்காதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். கரண்ட் திரும்பி வந்து ஐந்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போடுங்கள். உடனே ஓடவிட்டால் கம்ப்ரஸர் திணறும்.

7. பாலக்கோட்டுத் தக்காளி செங்காயாக இருந்தாலும், மாங்காய் பழுக்காமல் இருந்தாலும் வெளியிலேயே வையுங்கள். உள்ளே 4 டிகிரி. 12 டிகிரிக்குக் கீழே அவை சரியாகப் பழுக்காது, ருசியும் கெடும். பழுத்தபின் வையுங்கள்.

8. வேலைக்காக மாதக்கணக்கில் பெங்களூர் போகிறீர்களா? காலி செய்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். கதவு சற்றே திறந்திருக்கட்டும். குழந்தைகள் ஏறாதபடி அதைக் கயிற்றால் கட்டிவையுங்கள். வண்டியில் ஏற்றினால் நிமிர்த்தியே ஏற்றுங்கள். படுக்கவைக்க நேர்ந்தால், இறக்கி நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே ஓடவிடுங்கள்; கம்ப்ரஸர் ஆயில் அதனிடத்துக்குத் திரும்ப வேண்டும்.

குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், சுவர் இடைவெளி, ஐஸ், ரப்பர் மூன்றையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.