கடற்காற்றில் நாதஸ்வரத்துக்கு எண்ணெய்

எண்ணெய்தான் மரத்தின் உணவு என்று நம்பி, நாதஸ்வரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் அடிக்கடி எண்ணெய் வார்ப்பவர்கள் பலர். கடைந்து முடித்த மரம் எதையும் உண்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை மரம் வாங்குவதையும் விடுவதையும் எண்ணெய் மெதுவாக்குகிறது; அதன் வேலை அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதன் 50 வீதமாக இருக்கும்போது மரத்துக்குள் ஏறத்தாழ 9 வீத நீர் நிற்கும். காற்றில் 80 வீதமானால் மரத்தில் 16 வீதத்தை எட்டும். கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடியில், ஏசி ஓடும் அறைக்கும் திறந்த முன்கூடத்துக்கும் இடையே ஒரு வாத்தியம் நாள்தோறும் போய்வந்தால், இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே அது வீங்கிச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது. வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. எண்ணெய் குறைந்ததால் கெட்ட வாத்தியங்களை விட, ஈரத்தோடு மூடிவைத்து, அதன்மேல் எண்ணெயும் பூசியதால் கெட்டவையே இந்த ஊரில் அதிகம் என்பது என் துணிபு.

நாதஸ்வரத்தின் மரத்தைப் பார்த்தாலே இதற்கான காரணம் விளங்கும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் உலவு எனப்படும் நீண்ட குழலை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சாவைத் தேடி வாங்குவதற்குக் காரணம், அது பல பத்தாண்டுகள் உலர்ந்து அடங்கிய மரம் என்பதே. இந்திய மரங்களில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான ஆச்சா, தண்ணீரில் அமிழ்ந்துவிடும். அவ்வளவு நெருங்கிய மரத்துக்குள் எண்ணெய் புகக்கூடிய இடம் மிகச் சொற்பம்; மிச்சமெல்லாம் மேலேயே நின்று தூசியையும் பூஞ்சணத்தையும் சேர்க்கும். கீழேயுள்ள புனல் போன்ற அணைசு வாகை மரத்தில் செய்யப்பட்டிருந்தால் அது இன்னும் இளகிய மரம், சற்றுக் கூடுதலாக இழுக்கும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணெய் பொருந்தாது.

முறைக்கு வருவோம். வாசித்து முடிந்ததும் வாயில் வைத்து ஊதும் சீவாளியையும் அதைத் தாங்கும் கெண்டையையும் கழற்றி, நூலில் கட்டிய பருத்தித் துணியை உலவுக்குள் இழுத்து மூச்சின் ஈரத்தை எடுக்க வேண்டும். கெண்டை உலோகமாதலால் உப்புக் காற்றில் களிம்பு பிடிக்கும், அதையும் துடைத்துவிடுங்கள். வாத்தியத்தை உடனே உறைக்குள் போடாமல் நிழலில் சற்று நேரம் கிடத்தி வைக்க வேண்டும். வெயிலில் வைக்கவே கூடாது. எண்ணெய் பூசாவிட்டாலும் தவறாமல் செய்ய வேண்டியது இதுவே. எண்ணெய் பூசும் வேளை வந்துவிட்டதா என்பதை ஒரு துளி நீர் சொல்லிவிடும். நீர் முத்தாக நின்றால் தேவையில்லை. பரவி மரத்தைக் கறுக்கச் செய்தால் பூசலாம். கொழும்பில் மழை குறைந்திருக்கும் பெப்ரவரியும் ஓகஸ்டும் இதற்கு ஏற்ற காலம். ஒக்டோபர், நவம்பர் மழையில் பூசினால் உள்ளேயிருக்கும் ஈரத்தைப் பூட்டிவைத்த கதையாகிவிடும்.

பூசுவதற்கு முன் ஓரிரு நாள் வாசிக்காமல் விடுங்கள். பழைய எண்ணெய் பிசுக்காக நின்றால், வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, மறுநாள் வரை உலர விட வேண்டும். பலர் கவனிக்காத ஒன்றும் இங்கே உண்டு. விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கின்றன. அவற்றை மெழுகால் அடைத்துத்தான் சுருதி சரிசெய்வார்கள். எண்ணெய் பட்டால் மெழுகு இளகிப் பிடியை விடும், சுருதி நழுவும். அதனால் எண்ணெயை வாத்தியத்தில் நேரே ஊற்றாமல் துணியில் தொட்டுத்தான் தடவ வேண்டும். உலவு முழுவதற்கும் வெளியே கால் தேக்கரண்டி போதும். உள்ளே தடவ, குச்சியில் சுற்றிய துணி எண்ணெய் மணக்கும் அளவுக்கு நனைந்திருந்தால் சரி. அரை மணி நேரம் கழித்து வேறு துணியால், கையில் பிசுக்கு ஒட்டாதவரை துடைத்தெடுக்க வேண்டும். பூசுவதை விட இந்தத் துடைப்புக்கே அதிக நேரம் செலவிடுங்கள். புல்லாங்குழலுக்கு வெளிப்புறத்தை விட்டுவிடலாம், மூங்கிலின் தோலே அதற்குக் காவல். உட்புறம், இரு முனைகள், துளைகளின் விளிம்பு ஆகியவற்றில் மட்டும் தடவினால் போதும். பாலிஷ் போட்ட வீணைக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் காற்றில் காய்ந்து படலமாகாத வகை. போதாததற்கு ஏறத்தாழ 24 பாகையில் கட்டியாகும். வெளியில் திரவமாக இருப்பது, ஏசி அறையில் துளை விளிம்பில் வெள்ளையாகப் படியும். ஆளி விதை எண்ணெய் காய்ந்து கெட்டிப்படும், ஆனால் இங்குள்ள ஈரத்தில் அதற்கு இரண்டு, மூன்று கிழமைகூட எடுக்கலாம். உலோக உலர்த்திகள் கலந்து கடைகளில் விற்பதை வாய் வைக்கும் வாத்தியத்துக்குப் பூசக் கூடாது. ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டே வீசுங்கள். நல்லெண்ணெய் இரண்டுக்கும் இடைப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வித்துவான்கள் நல்லெண்ணெய்தானே பூசினார்கள், ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் கோயில் முறையில் வாசித்தவரின் நாயனம் காலையும் மாலையும் கையில் இருந்தது, ஒவ்வொரு முறையும் துடைக்கப்பட்டது. கிழமைக்கு ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்து பெட்டிக்குள் கிடக்கும் மாணவரின் வாத்தியத்தில் அதே எண்ணெய் சிக்குப் பிடித்துப் போகிறது. தினமும் வாசிப்பவருக்கு நல்லெண்ணெயே போதும். எப்போதாவது வாசிப்பவருக்குக் கலப்பில்லாத ஆளி விதை எண்ணெயும் பொறுமையும் வேண்டும்.

வார்னிஷ் அடித்துவிட்டால் தொல்லை தீராதா என்பது இன்னொரு கேள்வி. வெளியே மூடினாலும் உள்ளிருந்து மூச்சின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். படலம் ஓரிடத்தில் பிளந்தால் நீர் அதற்கடியில் தங்கும். எண்ணெய்ப் பூச்சையோ தேய்ந்த இடத்தில் மட்டும் புதுப்பிக்கலாம். பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துப் பருத்தி உறையில், ஏசியின் காற்று நேரே படாத அலுமாரியில் வையுங்கள். வேல் விழா ஊர்வலம் போன்ற நாட்களில் குளிர் அறையிலிருந்து நேரே தெருவுக்குக் கொண்டுபோகாமல், ஒரு மணி நேரம் முன்னதாகவே உறையோடு வெளியே வைத்துப் பழக்குங்கள். மயிரிழை வெடிப்பு தென்பட்டால் அதில் எண்ணெய் விடாதீர்கள்: எண்ணெய் ஏறிய பிளவில் பிறகு பசை பிடிக்காது, பழுது பார்ப்பவரிடம் உலர்ந்தபடியே கொண்டுபோக வேண்டும்.