ஓய்வு மட்டும் போதுமா? தசைகளை வலுவூட்டும் பயிற்சிகள்

முழங்கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், "நடக்காமல் ஓய்வாக இருங்கள்" என்பதே எமது வீடுகளில் முதலில் கிடைக்கும் ஆலோசனையாகும். காயமோ வீக்கமோ ஏற்பட்ட முதல் சில நாட்களுக்கு இது சரிதான். ஆனால் அந்த ஓய்வு மாதக்கணக்கில் நீண்டால் என்ன நடக்கும்? பயன்படுத்தாத தசை மெலியும். மெலிந்த தசையால் மூட்டைத் தாங்க முடியாது. மூட்டு மேலும் வலிக்கும். வலிப்பதால் மேலும் ஓய்வெடுப்போம். இந்த வட்டத்தை உடைப்பதற்கே பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்தில் தசைகளை வலுவூட்டும் பயிற்சிகள் கொடுக்கப்படுகின்றன.

தசை எவ்வாறு வலுப்பெறுகிறது?

வழமையாகச் சுமப்பதைவிடச் சற்று அதிகமான சுமையைத் தாங்கும்போதே தசை வலுப்பெறுகிறது. முதல் சில வாரங்களில், அதிகமான தசை நார்களை ஒரே நேரத்தில் இயக்குவதற்கு நரம்புத் தொகுதி பழகிக்கொள்கிறது. இதனால் தசை பருப்பதற்கு முன்னரே பலம் கூடுகிறது. அதன் பின்னரே நார்களினுள் புரதம் சேர்ந்து அவை தடிப்படைகின்றன. எனவே, "இரண்டு வாரம் செய்தும் காலில் மாற்றம் தெரியவில்லை" என்று பயிற்சியைக் கைவிடக் கூடாது.

"நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறேனே, அது பயிற்சி இல்லையா?" என்று எங்கள் உம்மாமார் கேட்பதுண்டு. வீட்டு வேலையும் உடலுக்கு நல்லதே. ஆனால் அதில் தினமும் ஏறக்குறைய ஒரே சுமைதான். தசை அதற்கு எப்போதோ பழகிவிட்டது. சுமை படிப்படியாகக் கூடுவதே பயிற்சிக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாடாகும்.

இரண்டு சான்றுகள்

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த படைவீரர்கள் சிகாகோ நகரின் இராணுவ மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்றனர். அங்கு பணியாற்றிய மருத்துவர் தோமஸ் டிலோம், இளம் வயதில் வாதக் காய்ச்சலுக்கு உள்ளாகி, பின்னர் எடை தூக்கித் தமது உடலைத் தேற்றிக்கொண்டவர். முழங்கால் பலவீனமடைந்த வீரர்களுக்கும் அவர் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி அளித்தார். 1945இல் தமது முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய வலுவூட்டும் பயிற்சிகளுக்கு அதுவே முக்கியமான அடித்தளமாகும்.

"இந்த வயதில் இனி என்ன பயிற்சி?" என்போருக்கு 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பதிலளிக்கிறது. முதியோர் இல்லமொன்றில் வசித்த, 90 வயதை அண்மித்த 10 பேருக்கு 8 வாரங்கள் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்தோரின் தசைப் பலம் சராசரியாக இரு மடங்குக்கும் மேலானது. இருவர் கைத்தடியின்றி நடந்தனர்.

முழங்காலுக்கான நான்கு பயிற்சிகள்

தொடையின் முன்புறம் உள்ள நாற்றலைத் தசையே முழங்காலின் முக்கிய காவலன். படி ஏறவும், கதிரையிலிருந்து எழவும், ஸுஜூதிலிருந்து நிலைக்கு வரவும் இத்தசையே உதவுகிறது.

1. காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைத்து, அதை 5 வினாடிகள் கீழ்நோக்கி அழுத்துதல். மூட்டு அசையாததால் வலி உள்ளவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

2. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, மறு காலை நேராக உயர்த்தி மெதுவாக இறக்குதல்.

3. கதிரையில் அமர்ந்து, முழங்காலை மெதுவாக நீட்டி மடக்குதல். பழகிய பின் 500 கிராம் உப்புப் பக்கற்றைத் துணிப்பையிலிட்டுக் கணுக்காலில் கட்டிக்கொள்ளலாம்.

4. சுவரோடு சாய்த்து வைத்த உறுதியான கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்தல். கடினமாக இருந்தால் தலையணை வைத்து இருக்கையை உயர்த்தலாம்.

ஒவ்வொன்றையும் 10 தடவைகள் செய்ய முயலலாம். மூன்று சுற்றுகள் இலகுவாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டலாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். தசையில் சிறிய உளைச்சல் இயல்பானது. ஆனால் மூட்டில் கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். மறுநாளும் வலி நீடித்தால் சுமையைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருப்பவர்களும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், இதய நோயாளிகளும் வைத்தியரின் அல்லது இயன்மருத்துவரின் ஆலோசனையுடனேயே தொடங்க வேண்டும்.

எமது கடமை

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. அது இறைவன் தந்த இலகு. எனினும் மீண்டும் நின்று தொழ வேண்டும் என்ற ஆசை உம்மம்மாமாரின் மனங்களில் இருப்பதை நாம் அறிவோம். அவர்களுள் எத்தனையோ பேருக்குத் தேவையானது புதிய மருந்தல்ல. கிளினிக்கில் கொடுத்த பயிற்சித் தாளை லாச்சியிலிருந்து வெளியே எடுக்க ஒருவர். பயிற்சிக்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஒரு கதிரையும் ஒரு துவாயும் போதும்.

பிள்ளைகளாகிய நாம் அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொல்வோம். அந்தப் பதினைந்து நிமிடமும் உம்மாவை யாரும் அடுப்படிக்கு அழைக்காமல் பெற்றோரும் சகோதரர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.