கை நடுக்கம் கோழைத்தனம் அல்ல

சிப்காட்டில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்தால் கால் தானாக டாஸ்மாக் பக்கம் போகிறது. இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். மறுநாளே கை நடுங்கி, மறுபடி குடித்துவிட்டேன். நான் தேறவே மாட்டேனா?
– பெயர் வேண்டாம், கும்மிடிப்பூண்டி

தேறுவீர்கள், தம்பி. இரண்டு முறை நிறுத்தியவருக்கு மனசு இருக்கிறது. இல்லாதது மருத்துவத் துணைதான். மதுவுக்குப் பழகிய நரம்புகள் திடீரென்று அது கிடைக்காமல் துடிப்பதுதான் அந்த நடுக்கம். அதனால் இனி தனியாக, ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், அடுத்து புத்தி தடுமாறலாம். மருத்துவமனையில் மாத்திரையோடு அந்த வாரத்தைக் கடத்திவிடுவார்கள்.

சென்ட்ரலுக்கு ரயில் ஏறுங்கள். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம்தான். போதை மீட்புப் பிரிவு இருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையும் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அங்கே குடும்பத்துக்கும் ஆலோசனை தருகிறார்கள். வீட்டாரையும் கூட்டிப் போங்கள்.

திரும்பி வந்தபின் சிக்கல், சம்பள நாளும் பழைய குடிக் கூட்டாளிகளும்தான். சம்பளம் கொஞ்ச நாள் வீட்டார் கையில் இருக்கட்டும். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் நேரே வீடு. நடுவில் ஒருநாள் சறுக்கினாலும் மறுநாளே மருத்துவரிடம் போங்கள்.

இன்றைக்கே போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.