நாட்பட்ட நோயும் சமூகத் தனிமைப்படலும்

மாணவர்களே! நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இதய நோய், மூட்டுவாதம், நாட்பட்ட சிறுநீரக நோய் என்பன நீண்டகாலம் நீடிப்பவை. எனவே இவை நாட்பட்ட நோய்கள் எனப்படும். 1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார தாபனத்தின் யாப்பு, சுகாதாரத்தை உடல், உள, சமூக நன்னிலை என விளக்குகின்றது. இவற்றுள் சமூக நன்னிலை குறையும்போது நோயாளிக்கு நேர்வதை இங்கு கற்போம்.

1. வேறுபாட்டை அறிக

• சமூகத் தனிமைப்படல்: பிறருடனான தொடர்புகள் குறைந்துபோதல்.
• தனிமை உணர்வு: தான் விரும்பும் உறவு கிடைக்கவில்லை என்னும் மனநிலை. ஆட்கள் நிறைந்த வீட்டிலும் இது ஏற்படலாம்.

2. சம்பவத்தை வாசிக்குக

நீரிழிவு நோயாளியான முதியவர் ஒருவர் தினமும் மாலையில் வாசிகசாலைக்கு நடந்து செல்வார். கலியாண வீடுகளில் அவரது உணவைப் பற்றியே பலரும் பேசியதால் வெட்கமடைந்து வெளியே செல்வதை நிறுத்தினார். "அவர் ஓய்வெடுக்கட்டும்" என எண்ணி நண்பர்களும் வரவில்லை. நடை நின்றது; குருதியில் வெல்லத்தின் அளவு கூடியது. கூட்டிச்செல்ல ஆளின்றி இரண்டு கிளினிக் தவணைகள் தவறின. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அங்கு ஏற்பட்ட புண்ணை அவர் அறியவில்லை. அதைப் பார்த்துச் சொல்லவும் அருகில் ஒருவர் இல்லை.

இங்கு எவரும் அவரை வெறுக்கவில்லை என்பதைக் கவனிக்க.

3. விளைவுகள்

• உடல்: உளநெருக்கீடு நீடிப்பதால் கோட்டிசோல் போன்ற ஓமோன்கள் கூடுதலாகச் சுரக்கலாம். இது குருதியமுக்கத்தையும் குருதி வெல்லத்தையும் உயர்த்தக்கூடும். நித்திரை குழம்பும், உடலுழைப்புக் குறையும்.
• உளம்: மனச்சோர்வு, தன்மதிப்புக் குறைதல், தான் பிறருக்குச் சுமை என்னும் எண்ணம்.
• நடத்தை: மருந்தைத் தவறவிடல், ஒழுங்கற்ற உணவு, புகைத்தல், மதுப் பாவனை.
• சமூகம்: உதவி தாமதமாதல், குடும்பத்தில் ஒருவர் மீதே முழுப் பொறுப்பும் விழுதல்.

நோய் தனிமையை உண்டாக்கும். தனிமை நோயை மோசமாக்கும். இது ஒரு வட்டம் போன்றது.

4. நினைவிற் கொள்ள

• 2010 இல் வெளியான ஆய்வொன்று 148 ஆய்வுகளைத் தொகுத்தது. வலுவான சமூக உறவுள்ளோர் உயிர்வாழும் வாய்ப்பு 50% அதிகம் என அது காட்டியது.
• தனிமையால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்து ஏறத்தாழ 30% கூடுகின்றது என அமெரிக்க இதயச் சங்கம் 2022 இல் அறிவித்தது.
• உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார தாபனம் 2025 இல் தெரிவித்தது.

5. மாதிரி வினா

மேற்படி முதியவருக்கு அயலவர் செய்யக்கூடிய உதவிகள் மூன்று தருக. (3 புள்ளிகள்)

விடை:
(i) மாலையில் அவருடன் சேர்ந்து நடத்தல்.
(ii) கிளினிக் தினத்தை நினைவூட்டிக் கூட்டிச்செல்லல்.
(iii) நோயைப் பற்றி மட்டும் பேசாது, ஊர் விடயங்களில் அவரது கருத்தைக் கேட்டல்.

குறிப்பு: "அன்பு காட்டல்" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன செய்வது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

செயற்பாடு: உங்கள் வீட்டில் அல்லது அயலில் நாட்பட்ட நோயுள்ள ஒருவருடன் இன்று அரை மணிநேரம் பேசிவிட்டு, அடுத்த பாடத்தைத் தொடங்குங்கள்.