பறவைக்கும் ஒரு பங்கு

ஐப்பசி மாதமளவில் ஹாலிஎலப் பகுதியில், பொழுது புலரும் வேளையிலும் மாலை இருட்டும் வேளையிலும் பற்றைக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்கும். அதுதான் ஆறுமணிக் குருவி. சிங்கள மக்கள் அதன் குரலை வைத்தே அதனை அவிச்சியா என்று அழைக்கின்றனர். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கொண்ட இச்சிறு பறவை இங்கே பிறந்ததன்று. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிப்பதற்காகக் கடல் கடந்து வருகிறது. சித்திரை மாதமளவில் திரும்பிவிடும். எங்கே நிழலும் உதிர்ந்த சருகும், சருகுக்கு அடியில் புழுவும் உண்டோ அங்கேதான் அது தங்கும். வெட்டை வெளியில் அது இறங்காது.

நம்மில் பலரும் இடம் மாறி வந்தவர்களே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் இழந்த குடும்பங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு, புதிய காணிக்குப் போகவேண்டிய நிலை ஏற்படுகிறது. அப்படிக் கிடைக்கும் காணி பெரும்பாலும் மட்டமாக்கிய வெறும் செம்மண். மரமில்லை, வேலியில்லை. விடியற்காலையில் ஒரு குருவியின் சத்தமும் கேட்பதில்லை. இது மனத்துக்கு மட்டும் குறையன்று, பயிருக்கும் குறை. இதைப் பற்றி இப்பாடத்தில் சிந்திப்போம்.

முன்னோர் கொடுத்த பங்கு

சமைத்த சோற்றில் முதற்பிடியைக் காகத்துக்கு வைப்பது நம்மவரிடையே நெடுநாட் பழக்கம். இறந்த பெற்றோரை நினைத்து அமாவாசையன்று காகத்தைக் கூப்பிடும் குடும்பங்கள் தோட்டங்களில் இன்றும் உண்டு. காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்றும் சொல்லிக்கொள்வோம். நம் பக்கத்துக் கிராமங்களிலும் இதே எண்ணம் உண்டு. வயலில் ஒரு சிறு பகுதியை அறுக்காமல் பறவைகளுக்கென்று விட்டுவிடுவது சிங்கள விவசாயிகளின் பழைய வழக்கம். அதனைக் 'குருலு பாலுவ' என்பர். வீட்டுத் தாழ்வாரத்தில் சட்டி தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்குக் கூடமைக்க இடம் கொடுப்பதும் இந்நாட்டில் வழங்கி வந்துள்ளது. குருவி கூடு கட்டிய வீடு நல்ல வீடு என்பது நம்பிக்கை.

மொழியும் சமயமும் வேறாயிருந்தும் இவ்வழக்கங்கள் ஒன்றையே சொல்கின்றன. நிலத்தின் விளைச்சலில் பறவைக்கும் பங்குண்டு.

நம் பாட்டன்மார் ஊரில்

நம்மில் அநேகரின் முன்னோர் தென்தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அம்மாவட்டங்களில் ஒன்றாகிய திருநெல்வேலியில் கூந்தன்குளம் என்றொரு கிராமம் இருக்கிறது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அவ்வூர்க் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் நாற்றத்தையும் இரைச்சலையும் மக்கள் பொறுத்துக்கொள்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்துப் பராமரிக்கின்றனர். பறவைகள் வந்தால் ஊருக்கு நல்ல காலம் என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவதால் பயனும் கண்டிருக்கின்றனர். அரசாங்கம் 1994இல் அவ்விடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊரார் அதனைக் காத்து வந்தனர்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் வெடி என்றால் ஆசைதான். ஆயினும் ஊர் ஒன்றாக எடுத்த முடிவைச் சிறியவரும் மதிக்கின்றனர்.

கணக்குப் பார்த்தால்

பறவை தின்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அது செய்யும் வேலை அவ்வளவாகத் தெரிவதில்லை. நெல்லும் தானியமும் தின்னும் சிட்டுக்குருவி, தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. இரட்டைவால் குருவி குச்சியில் உட்கார்ந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கிறது. உழும் மாட்டின் பின்னே வரும் கொக்கு, வெட்டுக்கிளியைப் பொறுக்குகிறது. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று, விதையை வேறிடத்தில் போட்டு, கூலியில்லாமல் மரம் நடுகின்றன.

சாக்குருவி என்று நாம் பயந்து விரட்டும் கூகைதான் இரவில் எலி பிடிக்கும் காவற்காரன். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்துவதற்கென்றே பெட்டி வைத்துக் கூகைக்கு இடம் கொடுக்கின்றனர். கூகை சாவைக் கொண்டுவருவதில்லை. நாம் எலிக்கு வைக்கும் நஞ்சுதான், அந்த எலியைத் தின்னும் கூகைக்குச் சாவைக் கொண்டுவருகிறது.

சீனாவில் 1958ஆம் ஆண்டு எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் ஒழிக்கும் இயக்கம் தொடங்கியது. தானியத்தைத் தின்கிறது என்பதே குருவியின் மேல் சாட்டிய குற்றம். மக்கள் தகரம் தட்டிக் குருவிகளை உட்காரவிடாமல் துரத்த, அவை களைத்து விழுந்து செத்தன. குருவி குறைந்தபோது பூச்சி பெருகிப் பயிரைத் தின்றது. 1960இல் குருவியை அப்பட்டியலிலிருந்து நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அக்காலத்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியைக் கொன்றதும் அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

நட்டத்தையும் மறைக்க வேண்டாம்

பறவையால் நட்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நாற்றுமேடையைக் கிளறுவதும், கதிரைக் கொத்துவதும், மயில் கூட்டமாக வந்து பயிரை மிதிப்பதும் உண்மையே. கடன் வாங்கி நட்ட குடும்பத்துக்கு அது சிறிய விடயமன்று. ஆனால் நஞ்சு தடவிய தானியம் வைத்தால் திருடனும் சாவான், காவற்காரனும் சாவான். கோழியும் பிள்ளையும்கூட அதற்குத் தப்பமாட்டா. மேலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளைக் கொல்வதைத் தடுக்கிறது. நாற்றுமேடைக்கு வலை போடலாம். பழைய ஒலிநாடாவை வரிசையாகக் கட்டி மினுங்கவும் இரையவும் விடலாம். அயலவர் எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்தால், வரும் நட்டமும் ஒருவர் தலையில் விழாமல் எல்லோருக்கும் பிரிந்துபோகும்.

புதிய காணியில் செய்யக்கூடியவை

1. வேலியோரத்தில் கிளை நட்டு வளரும் முள்முருக்கை வையுங்கள். பூவுக்குப் பறவை வரும், இலை ஆட்டுக்கு உதவும். கொய்யா, ஜம்பு போன்ற ஒரு பழமரமும் இருக்கட்டும். சில பழங்களை உச்சியில் விட்டுவிடுங்கள்.

2. கோவா, போஞ்சிப் பாத்திகளில் பயிரைவிட உயரமாகக் குறுக்குக்கட்டை பூட்டிய சில குச்சிகளை நடுங்கள. பகலில் இரட்டைவால் குருவியும் இரவில் கூகையும் உட்கார அது போதும்.

3. தாழ்வாரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில், ஒன்றரை அங்குலத் துவாரமுள்ள சிறு சட்டியைத் தொங்கவிடுங்கள்.

4. ஒரு மூலையில் சருகைக் கூட்டி எரிக்காமல் மக்கவிடுங்கள். உரமும் கிடைக்கும், மண்புழுவும் பெருகும்.

5. புழுவைக் கண்டவுடன் மருந்து அடிக்காதீர்கள். முதலில் கையால் பொறுக்குங்கள். தவிர்க்க முடியாதபோது மட்டும், சொல்லப்பட்ட அளவில் அடியுங்கள்.

புதிய இடம் ஒரே நாளில் சொந்த ஊராகிவிடாது. நட்ட கிளை துளிர்த்து, அதில் முதற்குருவி வந்து உட்காரும் காலையில் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஐப்பசியில் ஆறுமணிக் குருவியின் சத்தம் உங்கள் வேலியோரத்தில் கேட்குமானால், அந்த வெறும் மண்ணில் நிழலும் சருகும் புழுவும் உண்டாகிவிட்டன என்று அறிந்துகொள்ளுங்கள். அதை உண்டாக்கியது உங்கள் கைகளே.

கலந்துரையாடுவோம்

1. பழைய இடத்தில் நாம் கேட்ட எந்தப் பறவைகளின் குரல் இங்கே கேட்பதில்லை? அதற்குக் காரணம் என்ன?

2. பறவைகளைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னவற்றுள் எவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? எவற்றைக் கைவிட வேண்டும்?

3. நம் குடியிருப்பு முழுவதும் ஒன்றாக எடுக்கக்கூடிய ஒரு முடிவு எது?